ஒலிபெருக்கி வேண்டாத மண்டபங்கள்

நம்முடைய கச்சேரி, அதன் அளவுக்கு மீறிய இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பாடகர், பக்கத்தில் வயலின், எதிரே மிருதங்கம், கூடிப்போனால் ஒரு கடமோ கஞ்சிராவோ, பின்னால் தம்புரா. மொத்தம் ஐந்து பேர். ஒரு ஜமக்காளத்தில் அடங்கிவிடுவார்கள். கோல் பிடித்து நடத்துகிறவர் யாரும் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரு தலையசைப்பில் அடுத்த சங்கதிக்குப் போவார்கள். வாத்தியத்துக்கு ஒரே ஆள் என்பதால் யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. இப்படிப்பட்ட இசைக்கு ஐரோப்பாவில் சேம்பர் மியூசிக் என்று பெயர். சேம்பர் என்றால் அறை. தேவாலயத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் எழுதியதிலிருந்து பிரித்துக் காட்ட வந்த பெயர் அது. ஹைடன் என்ற இசையமைப்பாளர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எஸ்தர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலை பார்த்தார்; நகரத்துக்கு வெகு தொலைவில் இருந்த அவர்களுடைய மாளிகையில், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்காக இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் வாசிக்கும் உருப்படிகளை எழுதிக் குவித்தார். அந்த அளவுகோலை வைத்து அளந்தால் கர்நாடகக் கச்சேரி அசல் அறை இசை. அதன் உருவம் அப்படியே இருக்கிறது. அறைதான் காணாமல் போய்விட்டது. அந்த அறையைத் தேடிச் சென்னையில் அலைவதைவிட, விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் நடுவே உள்ள பாறைகளில் தேடலாம் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

அந்த அறை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு வீணை தனம்மாள் சாட்சி. 1867 முதல் 1938 வரை வாழ்ந்தவர். சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பார். கேட்க வருகிறவர்கள் சிலரே. அவர்களிலும் பாதிப்பேர் வித்வான்கள். மூச்சுவிடும் சத்தம்கூட இடைஞ்சலாக நினைக்கப்பட்ட கூடம் அது. பின்னாளில் உலகம் அறிந்த பாலசரஸ்வதியும், பிருந்தா முக்தா சகோதரிகளும் அந்தப் பாட்டியின் கூடத்திலிருந்து வந்த பேத்திகள். வீணையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வீணையில் ஒரு மீட்டு விழுந்ததும் ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தேய்மானத்துக்குள்தான் இடது கை தந்தியை இழுத்து கமகத்தைக் காட்ட வேண்டும். முதல் ஸ்வரம் மீட்டில் பிறக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் மங்கிக்கொண்டே போகும் மிச்ச ஒலியில் பிறக்கின்றன. இருபதடி தள்ளி உட்கார்ந்தால் முதலாவது மட்டும்தான் காதில் விழும். ஆயிரம் இருக்கை கொண்ட அரங்கத்தில் ராகத்தின் பாதி, வாசிப்பவரின் மடியிலேயே தங்கிவிடும்.

அதற்குத்தான் ஒலிபெருக்கி வந்ததே என்று கேட்கலாம். வந்தது, 1930களில் கச்சேரி மேடைக்கு வந்தது. நன்மையும் செய்தது. அதற்கு முன்னால் நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் அடித்தொண்டையைத் திறந்து பாடியவர்கள்தான் கடைசி வரிசை வரை எட்டினார்கள். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையை நிறைத்தது அந்தக் கட்டையில்தான். ஒலிபெருக்கி வந்த பிறகு ஆண் பாடகர்களின் சுருதி இறங்கியது. மந்தர ஸ்தாயியில் நின்று நிதானமாக ஒரு ராகத்தைத் தடவிப் பார்க்கும் வசதி கிடைத்தது. மென்மையான குரல்களும் மேடை ஏறின. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிப் பிறந்து 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி போன்ற சபாக்கள், டிக்கெட் வாங்கும் யாரும் உள்ளே வந்து கேட்கலாம் என்ற நிலையை உண்டாக்கின. அரண்மனைக்காரர்களும் மிராசுதார்களும் மட்டும் கேட்ட இசையைக் குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் கேட்டார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு மைக்கைத் திட்டுவது நன்றிகெட்ட பேச்சு. ஆனாலும் ஒலிபெருக்கி ஒலியைப் பெரிதாக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெரிதாக்குகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் உள்ளங்கை வழுக்கிப் பிறக்கும் கும்கியும் தம்புராவின் ஜீவாவும் ஸ்பீக்கர் வழியாக வரும்போது தகர வாசனை அடிக்கின்றன. தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் சத்தத்தைக் கூட்டச் சொன்னால் மற்றவரும் சொல்கிறார். மேடையிலிருந்து ஒலிக்காரருக்குக் கையால் ஜாடை காட்டாத பாடகரை இன்று காண்பதே அபூர்வம். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்க வேண்டியவர்கள், ஆளுக்கொரு மானிட்டரைக் கேட்டு வாசிக்கிறார்கள்.

சரி, பாறைகளுக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்தது என்ற பொருளில் அங்கே ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. விசித்திரசித்தன் அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. சங்கீர்ணஜாதி என்ற இன்னொன்றைத் தாளத்தோடும் இசையோடும் சேர்த்துப் பொருள் சொல்வார்கள். மூன்று தெய்வங்களுக்கான மூன்று அறைகளும் இன்று வெறுமையாக இருக்கின்றன. முன்பக்கம் தூண்களும் அரைத்தூண்களும். இரு ஓரங்களிலும் துவாரபாலகர்கள். இதற்கு அருகிலேயே தளவானூரில், முகப்பில் மகர தோரணத்தோடு சத்ருமல்லேசுவரம் இருக்கிறது. அதுவும் அவன் குடைந்ததே. நூறு ஆண்டு கழித்து அதே பல்லவ மரபின் ராஜசிம்மன் பனமலைக் குன்றின் உச்சியில் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டினான். சுவரில் தேவியின் பழைய ஓவியம் ஒன்று மங்கிய நிறத்தில் மிஞ்சியிருக்கிறது. செஞ்சியில் மூன்று மலைகளை வளைத்த கோட்டைக்குள்ளே கல்யாண மகாலும் களஞ்சியங்களும் பாழடைந்த மண்டபங்களும் கிடக்கின்றன. மேல்மலையனூரில் புறப்பட்டால் இவை எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

குடைவரை ஏன் கச்சேரிக்குத் தோதான இடம் என்பதை உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போட்டே காட்ட முடியும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை அரங்கம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை விநாடி முழங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் பேச்சாளர் பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தாண்டியிருப்பார். அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து பரப்பி, ஒவ்வொரு தடவையும் முழக்கம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். அவர் கண்டுபிடித்தது எளிய கணக்கு. அறையின் கொள்ளளவு கூடக்கூட முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக்கூட அது குறையும். பள்ளிப் பாடப்புத்தகம் இதை எதிர்முழக்கம் என்கிறது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் இந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டது.

இந்தக் கணக்கைக் கல்லுக்குப் போட்டுப் பார்க்கலாம். கருங்கல் ஒலியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. திறந்த வெளியோ விழும் ஒலி முழுவதையும் விழுங்கிவிடும். எட்டு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் ஆழம், மூன்று மீட்டர் உயரம் என்று கல்லால் ஆன ஓர் அறையை மனத்தில் வையுங்கள் (கணக்குக்காக எடுத்த அளவு; எந்தக் கோயிலின் அளவும் அல்ல). நாலு பக்கமும் மூடியிருந்தால் முழக்கம் அடங்க ஏறக்குறைய ஆறு விநாடி ஆகும். அதில் மிருதங்கம் வாசித்தால் சொற்கட்டு கூழாகிவிடும். அதே அறையின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டால் முக்கால் விநாடி. உள்ளே முப்பது பேரை உட்காரவைத்தால், உடலும் உடுப்பும் சேர்ந்து உறிஞ்சி, அரை விநாடிக்கு வந்துவிடும். தூண்கள் கொஞ்சம் மறைக்கும் என்பதால் உண்மையில் சற்றுக் கூடலாம். சொல்லும் புரிய வேண்டும், ஸ்வரமும் நீர்த்துப் போகாமல் நிற்க வேண்டும் என்றால் ஒரு விநாடிக்குச் சற்று முன்பின்னாக இருப்பதே நல்லது. ஆக, முன்பக்கம் திறந்த குடைவரை என்பது பின்சுவர், பக்கச்சுவர், கூரை, தரை என ஐந்து கல்தளங்களும் ஒலியை முன்னே தள்ளிவிடும் ஒரு பெரிய சிப்பி. பாடகர் உள்ளே, கருவறைச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் போதும். கேட்பவர்களில் சிலர் மண்டபத்துக்குள்ளும் மீதிப்பேர் வாசலிலும் இருக்கலாம். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. கல் மண்டபம் அந்த இழப்பைத் தள்ளிப்போடுகிறது. மகேந்திரவர்மன் இதை எண்ணித்தான் குடைந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பல்லவர் காலத்துக்கு ஒலியியல் ஞானத்தைக் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. தற்செயலாக வாய்த்தாலும் நல்ல அறை நல்ல அறைதான்.

எல்லாப் பழைய கட்டடமும் இப்படி இருக்காது. செஞ்சிக் கோட்டையின் களஞ்சியங்களுக்கு வளைவுக் கூரை, நெல்லுக்காகக் கட்டியது, மூடிய கட்டடம். அங்கே போய் ஒருமுறை கைதட்டிப் பார்த்தாலே யாருக்கும் விளங்கிவிடும். புல்லாங்குழலின் விளம்பமான ஆலாபனைக்கு அது சுகமாக இருக்கலாம், கடத்துக்குச் சிறை. கல்யாண மகால் வேறு மாதிரி. சதுரமான முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே எட்டு நிலையாக ஒடுங்கி உயரும் கோபுரம் போன்ற மாளிகை. சுற்றிலும் சுவர் உள்ள முற்றத்தில் ஒலி ஓடிப்போகாமல் தங்கும். மேலே வானம் திறந்திருப்பதால் முழங்கவும் முழங்காது. நூறு பேர் உட்காரலாம். எந்த இடத்துக்கு எந்த வாத்தியம் என்று பொருத்துவதே ஒரு கலை. நம் முன்னோர்கள் அந்தப் பொருத்தத்தை அறிந்துதான் வாத்தியங்களைப் பிரித்து வைத்தார்கள். நாகஸ்வரமும் தவிலும் வீதிக்கு, வீணையும் தம்புராவும் கூடத்துக்கு. கூடத்து வாத்தியத்தை மைக் போட்டு வீதிக்கு இழுத்ததும், வீதி வாத்தியத்தைக் கல்யாண மண்டபத்துக்குள் அடைத்து விருந்தாளிகளின் காதைத் துளைப்பதும் நாம் செய்த கூத்து.

மேற்கில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1948இல் பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரும் நண்பர்களும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஆல்டுபரோ என்ற மீனவர் ஊரில் ஒரு விழா தொடங்கினார்கள். பெரிய அரங்கம் எதுவும் இல்லை. ஊர்ப் பொதுக்கூடமும் பழைய தேவாலயங்களுமே மேடை. 1967இல் பக்கத்து ஊரான ஸ்னேப்பில் பார்லியை முளைகட்டிக் காயவைத்த பழைய ஆலைக் கட்டடம் ஒன்றைக் கச்சேரிக் கூடமாக மாற்றினார்கள். 1981இல் கிடோன் கிரெமர் என்ற வயலின் கலைஞர் ஆஸ்திரியாவில் லோக்கன்ஹவுஸ் என்ற சிற்றூரின் கோட்டையிலும் தேவாலயத்திலும் இதே போன்ற ஒன்றைத் தொடங்கினார். இரண்டு ஊர்ப் பெயரும் இன்று இசை உலகத்துக்குத் தெரியும். நம் பக்கத்திலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1981இல் தொடங்கிய சிதம்பரம் நாட்டியாஞ்சலி, மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா, சென்னையின் பிரக்ருதி அறக்கட்டளை திருவையாற்றில் காவிரிக் கரையில் நடத்திய புனித இசை விழா என்று சொல்லலாம். ஆனால் நம்முடைய விழாக்களில் பெரும்பாலானவை பழங்கட்டடத்தைத் திரைச்சீலையாக வைத்துக்கொள்கின்றன. மேடை கட்டடத்துக்கு முன்னால், விளக்கொளி கட்டடத்தின் மேல், ஒலி ஸ்பீக்கரிலிருந்து. கல்லுக்கு அங்கே வேலையே இல்லை. புகைப்படத்தில் நன்றாக இருக்கும். திருவையாற்று ஆராதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் மறைந்த தியாகராஜரின் சமாதியைத் தேடி எடுத்து, தன் நகையையும் சொத்தையும் கொடுத்து அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். இன்று பஞ்சரத்தின கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் பந்தலில் உட்கார்ந்து சேர்ந்து பாடுகிறார்கள். அது ஓர் அஞ்சலி. அந்த வகையில் மதிக்க வேண்டியது. வீட்டுத் திண்ணையில் சீடர் சிலருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரின் இசையை அதன் அளவில் கேட்க வேண்டுமென்றால் வேறு ஏற்பாடு தேவை.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, சின்னங்கள் கெட்டுவிடும் என்பது. இது வீண் பயம் கிடையாது. 2018 டிசம்பரில் தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் ஒரு தனியார் நிகழ்ச்சிக்குப் பந்தல் போட்டபோது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதிக்க வேண்டியிருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ விருந்தோ கேளிக்கையோ நடத்த மத்திய அரசின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. வழிவழியாக வந்த வழிபாட்டுக்கு மட்டும் விலக்கு. அந்த விதி இருக்க வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் சேதம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பந்தல் கால் ஊன்றுவதில், ஆணி அடிப்பதில், ஜெனரேட்டர் புகையில், ஸ்பீக்கர் அதிர்வில், இரண்டாயிரம் பேரின் காலில், சாப்பாட்டு இலையில் வருகிறது. ஐந்து பேர் ஒரு ஜமக்காளத்தோடு வந்து, ஐம்பது பேர் கேட்டுவிட்டு, இருட்டுவதற்குள் சுருட்டிக்கொண்டு போவதில் அவற்றில் ஒன்றும் இல்லை. மைக்கை விலக்குவது சுவைக்காக மட்டும் சொன்னது இல்லை. அதுவே கட்டடத்துக்கும் காப்பு. இதற்கும் ஒரு வரம்பு வேண்டும். பனமலையில் ஓவியம் இருக்கும் இடத்தை நெருங்கவே கூடாது. அங்கே வெளிப் பிராகாரத்தின் நிழலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய் விளக்கு எங்கும் கூடாது. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று செஞ்சி. அந்தப் பெருமை வந்த பிறகு வெளிச்சக் காட்சி, ஒலி ஒளிக் காட்சி என்று பெரிய யோசனைகள் முளைக்கத்தான் செய்யும். அவற்றோடு ஒப்பிட்டால் ஒரு வீணையும் ஒரு தம்புராவும் கோட்டைக்குத் தூசி.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. யாருடைய இசையை யார் ஊருக்குக் கொண்டுவருகிறீர்கள்? சென்னையிலிருந்து கார்களில் வந்து, கேட்டுவிட்டு, பில்டர் காபியோடு திரும்பும் கூட்டத்துக்கு மண்டகப்பட்டு ஒரு சுற்றுலாத் தலமாகிவிடாதா? ஆகிவிடும், கர்நாடக இசை மட்டும் என்று வைத்துக்கொண்டால். இது இசைக்கு ஏங்கிக் கிடக்கும் மண் கிடையாது. மேல்மலையனூரில் மாதந்தோறும் அமாவாசை இரவு அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தைச் சென்னையின் எந்த சபாவும் கனவிலும் கண்டதில்லை. மாசியில் மயானக் கொள்ளை. பம்பை, உடுக்கை, கைச்சிலம்போடு அம்மனை வர்ணித்துப் பாடுகிறவர்கள் மூன்று நாலு பேர் கொண்ட குழுதான்; நடத்துநர் இல்லை; ஒருவர் முகம் பார்த்து ஒருவர் வாசிக்கிறார்கள். கச்சேரியை அறை இசை என்று எந்தக் காரணத்துக்காகச் சொன்னோமோ அதே காரணம் இவர்களுக்கும் பொருந்துகிறது. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கும் பாரதக் கூத்துக்கும் தாயகம். மேலச்சேரிக் கோயிலை மையமாக வைத்துத்தான் அல்ப் ஹில்டபெய்ட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் வெளிவந்த தம் பெரிய நூலைத் தொடங்கினார். கோட்டைக்கே ஒரு பாட்டு உண்டு. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேஜ்சிங்கைத் தேசிங்கு ராஜன் என்று கதைப்பாடலாக ஊர் பாடியது. வென்ற சாதத்துல்லா கானுக்குக் கோட்டைக்குள் மசூதி இருக்கிறது. தோற்றவனுக்குப் பாட்டு கிடைத்தது.

ஆகவே இப்படி நடத்தும் கச்சேரித் தொடரில் உள்ளூர்க் குழுக்களுக்குப் பாதி இடம் கொடுப்பது தர்மம் என்பதோடு, வாதத்தின் ஒழுங்குக்கும் அதுவே பொருத்தம். முன்னால் அரைமணி நேரம் நாட்டுப்புறக் கலை, பிறகு முக்கியக் கச்சேரி என்ற வழக்கமான அவமரியாதை கூடாது. ஒரே சன்மானம், ஒரே நேரம், ஒரே ஜமக்காளம். பம்பையைக் குடைவரைக்குள் வைத்தால் காது கிழிந்துவிடும். அதற்குக் கல்யாண மகால் முற்றம். உடுக்கையைத் தாராளமாக உள்ளே வைக்கலாம். வார்க்கயிற்றை அழுத்தி விடும்போது அதன் சுருதி வளைவதை அருகில் உட்கார்ந்து கேட்டவர்கள், அதைச் சாமியாட்ட வாத்தியம் என்று ஒதுக்கமாட்டார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரை அமர்த்தியபோது, கூட வாசிக்க இரண்டே பேரை நியமித்தான்: ஒருவர் கொட்டி மத்தளம், மற்றவர் உடுக்கை. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பாடியவருக்கும் அதே, உடுக்கை வாசித்தவருக்கும் அதே. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய சம்பளப் பட்டியல் இது.

இடத் தேர்விலும் யாருக்கு இடம் என்ற கேள்வி வருகிறது. விழுப்புரம் அருகே மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே வருவதைத் தடுத்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது. மதுரையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939இல். 84 ஆண்டு கழித்து இது. அப்படிப்பட்ட மாவட்டத்தில், வழிபாட்டில் இருக்கும் கோயில் மண்டபத்தைக் கச்சேரிக்கு எடுத்தால், யார் வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்ற கேள்வி கச்சேரிக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். மண்டகப்பட்டின் வெற்று அறைகளும் செஞ்சிக் கோட்டையின் முற்றமும் இந்தக் காரணத்துக்காகவும் சிறந்தவை. அங்கே பூசாரி இல்லை, முதல் மரியாதை இல்லை. தரையில் எல்லோருக்கும் ஒரே பாய். தனம்மாளும் நாகரத்தினம்மாளும் தேவதாசி மரபில் வந்தவர்கள். அவர்கள் வளர்த்த இசையை யாருக்கோ பட்டா போட்டுக் கொடுத்தது பிந்தைய கதை.

ஐம்பது பேருக்காக ஒரு கச்சேரியா, கட்டுப்படியாகுமா என்பது மூன்றாவது ஆட்சேபம். பெரிய விழாவில் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பந்தல், மேடை, மைக் செட், விளக்கு, ஜெனரேட்டர், நாற்காலி வாடகை, விளம்பரப் பலகை. இவை எதுவும் இங்கே வேண்டாம். மிஞ்சுவது கலைஞர் சன்மானமும் போக்குவரத்தும்தான். ஐம்பது பேர் போதாது என்றால் அதே கச்சேரியைக் காலையும் மாலையும் இரண்டு முறை நடத்தலாம். ஒருமுறை பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்று ஒதுக்கலாம். வித்வான்கள் ஒப்புக்கொள்வார்களா என்றால், சென்னையிலேயே மைக் இல்லாக் கச்சேரிகள் அவ்வப்போது நடக்கத்தான் செய்கின்றன. பாடியவர்கள் யாரும் தொண்டை போய்விட்டது என்று சொன்னதாகத் தெரியவில்லை. காலமும் தானாகவே அமைகிறது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரை வைகாசியில் செஞ்சிப் பாறை அடுப்பாகிவிடும். மார்கழி முடிந்து சபாக்கள் ஓய்ந்த பிறகு, தையிலும் மாசியிலும் கலைஞர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பாறையும் அப்போதுதான் குளிர்ந்திருக்கும். வெயில் தாழ்ந்த நாலு மணிக்குத் தொடங்கி, சூரியன் மறையுமுன் மங்களம் பாடிவிட்டால் விளக்கே தேவைப்படாது. மழை வந்தால்? வரட்டும். குடைவரை என்றால் கல்கூரை உண்டு.

இடையூறுகள் இல்லாமல் இருக்காது. செஞ்சியில் குரங்குகள் தேங்காய் மூடி எது, கஞ்சிரா எது என்று பார்த்துக்கொண்டிருக்காது. சாலைப் பக்கம் லாரியின் ஏர்ஹாரன் நடு ஆலாபனையில் பாயும். சிலர் பாதியில் எழுந்து போவார்கள், குழந்தை அழும். ஆனால் மைக் இல்லாத இடத்தில் கேட்பவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கேட்க வேண்டுமென்றால் சும்மா இருக்க வேண்டும் என்று அங்கே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதில்லை.

தொடங்க வேண்டியவர்கள் யார் என்பதில் குழப்பம் வேண்டாம். மண்டகப்பட்டும் தளவானூரும் செஞ்சிக் கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் கையில் இருக்கின்றன. அனுமதி அங்கே கேட்க வேண்டும். கலைஞர் பட்டியல் மாநிலக் கலை பண்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்துக்கு இரண்டு பேருந்தும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்வது பெரிய காரியம் இல்லை. முதல் ஆண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்: மண்டகப்பட்டில் ஒரு வீணை, தளவானூரில் உடுக்கையும் கதைப்பாட்டும், கல்யாண மகாலில் பம்பைக் குழு, கடைசியாக அங்கேயே ஒரு குரல் கச்சேரி. தேதி குறிக்கும்போது அமாவாசையை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைக்குத் திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி வழியாகப் போகும் பேருந்துகள் எல்லாம் மேல்மலையனூருக்குத்தான். நிற்கக்கூட இடம் கிடைக்காது.